பின்லாந்துக்கு வக்காலத்து

பின்லாந்துப் பள்ளிக்கூடங்களைப் பற்றி எந்தப் பத்திரிகை குறை எழுதினாலும் எனக்கு அந்த டீச்சரின் பென்சில்தான் முதலில் ஞாபகத்துக்கு வரும். போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழில்கூட அரைப் பக்கத்துக்கு ஒரு கட்டுரை. அங்கே பிள்ளைகளின் மதிப்பெண் இறங்குமுகமாம், வகுப்பில் ஒரே சத்தமாம், இத்தனை நாள் உலகம் அந்த நாட்டைத் தலையில் தூக்கிவைத்து ஆடியதெல்லாம் வீணாம். நான் படித்து முடிப்பதற்குள், "எழுதினவரு அங்க போயி பாத்தாராமா சார்?" என்று அவருடைய குரல் காதுக்குள் கேட்டுவிட்டது. இப்போது எந்தப் பள்ளியில் இருக்கிறாரோ, அங்கே உட்கார்ந்து பென்சிலைச் சீவிக்கொண்டிருப்பார்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்த டீச்சர் மேல் பொறாமை. அப்போதும் இருந்தது, இப்போதும் முழுதாகப் போகவில்லை. அதனால் நான் சொல்வதில் கொஞ்சம் கழித்துக்கொண்டு படிப்பது நல்லது.

சமயநல்லூரைத் தாண்டி உள்ளே போகிற ஒரு கிராமத்து நடுநிலைப் பள்ளியில் நாங்கள் ஆறு வருஷம் ஒன்றாக வேலை பார்த்தோம். நான் ஆறு முதல் எட்டு வரை கணக்கு. அவர் மூன்றாம் வகுப்பு. மதுரை நெல்பேட்டையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். தலையைச் சுற்றிய சாம்பல் நிறத் துப்பட்டா, தோளில் ஒரு துணிப்பை, அதற்குள் சாப்பாட்டு டப்பாவோடு அன்றைய செய்தித்தாள். மத்தியானம் சாப்பிட்டதும் தாளை விரித்து, பென்சிலால் அடிக்கோடு போட்டுப் படிப்பார். பின்லாந்து என்ற சொல் எங்கே வந்தாலும் அந்தப் பென்சில் நின்றுவிடும். யாராவது குறை எழுதியிருந்தால், அன்றைக்கே ஒரு வெள்ளைத் தாளில் ஆசிரியருக்குக் கடிதம். நாலு எழுதினால் ஒன்றைப் போடுவார்கள். போட்ட அன்று அதைப் பற்றி வாயே திறக்க மாட்டார். அதுகூட எனக்கு எரிச்சலாக இருக்கும்.

இத்தனைக்கும் அவர் பின்லாந்துக்குப் போனதில்லை. கேரளாவைத் தாண்டி எங்கேயும் போனதில்லை என்று அவரே சொல்வார். யாரோ அனுப்பிய ஒரு வீடியோவில், முக்கால் மணி நேரம் பாடம் முடிந்ததும் பிள்ளைகள் கும்பலாகப் பனியில் ஓடி விளையாடுவதைப் பார்த்திருக்கிறார். அன்றிலிருந்து பிடித்துக்கொண்டது. கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தார். படித்ததோடு விடவில்லை. தன் மூன்றாம் வகுப்பையும் ஒவ்வொரு பாடம் முடிந்ததும் பதினைந்து நிமிஷம் வாகை மரத்தடியில் அவிழ்த்து விட ஆரம்பித்தார். வகுப்புக்குள் வரும்போது செருப்பை வாசலில் வரிசையாகக் கழற்றி வைக்கவேண்டும். விழுந்த பிள்ளையை யாரும் ஓடிப்போய்த் தூக்கக்கூடாது, அதுவாக எழுந்து வரட்டும். இவ்வளவுதான் அவருடைய பின்லாந்து.

"டீச்சர், உங்க ஊர்ல மார்க் கொறஞ்சுபோச்சாமே!" என்று பி.டி. மாஸ்டர் சீண்டுவார். இளவட்டம், யாரையும் விடமாட்டார்.

"கொறஞ்சதை அவங்களே சொல்லிட்டாங்கல்ல தம்பி. மறைக்கலையே. நம்ம பள்ளிக்கூடத்துல கொறஞ்சதை நாம யாராச்சும் வெளிய சொல்லியிருக்கமா?"

அதற்கு மேல் பி.டி. மாஸ்டரிடம் பேச்சு வராது. எனக்கு வரும். ஆனால் அந்த நேரத்தில் வராது, சாயங்காலம் வண்டியில் வீட்டுக்குப் போகும்போது வரும்.

பின்லாந்து மட்டும் என்றால் அதை ஒரு கிறுக்கு என்று விட்டிருக்கலாம். கொஞ்ச நாள் கவனித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. அந்த இடத்தில் இல்லாத யாரைப் பற்றிக் குறை சொன்னாலும் அவர் வக்காலத்துக்கு வந்துவிடுவார். ஒரு நாள் சாம்பாரில் உப்பு அள்ளிக் கொட்டியதுபோல் இருந்தது. நாங்கள் சத்துணவு அம்மாவைக் கிழித்துத் தோரணம் கட்டினோம். டீச்சர் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, "அவங்க வந்ததும் சொல்லுங்க சார். மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க" என்றார். சத்துணவு அம்மா வந்து நின்றபோது நாங்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. டீச்சர்தான் சிரித்துக்கொண்டே, "அக்கா, இன்னிக்கு உப்பு தூக்கல்" என்றார்.

பெற்றோர் கூட்டத்துக்கு வராத ஒரு தகப்பனைக் குடிகாரன் என்று எச்.எம். சொன்னார். டீச்சர் விடவில்லை. வேலைக்குப் போயிருப்பார், உடம்பு சரியில்லாமல் இருக்கும், பஸ் கிடைத்திருக்காது என்று மூன்று காரணம் சொன்னார். கூட்டம் முடிகிற நேரத்துக்கு அந்த ஆள் தள்ளாடிக்கொண்டே வாசலில் வந்து நின்றான். எனக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு சந்தோஷம்.

"என்ன டீச்சர், இப்ப என்ன சொல்றீங்க?" என்றேன்.

"குடிச்சிருக்காருதான் சார். இப்ப ஆளு வந்துட்டாருல்ல, இப்ப சொல்லுங்க" என்று அந்த ஆளிடமே என்னைக் கைகாட்டிவிட்டார். நான் கழிவறைப் பக்கம் போய்விட்டேன்.

பிள்ளைகள் விஷயத்துக்கு வருகிறேன், அதுதான் என் வயிற்றெரிச்சலின் அடிவேர். நான் வகுப்புக்குள் நுழைந்தால் எல்லாரும் எழுந்து நிற்பார்கள். அவர் நுழைந்தால் ஓடிவந்து சூழ்ந்துகொள்வார்கள். அவர் ஒரு நாள் லீவு போட்டால், "டீச்சர் எப்ப வருவாங்க?" என்று என்னிடமே வந்து கேட்பார்கள். நான் லீவு சொல்லியிருந்த ஒரு நாள், வேலை சீக்கிரம் முடிந்து மத்தியானமே வந்துவிட்டேன். ஏழாம் வகுப்பில் யாரோ "ஐயையோ" என்றது எனக்குத் தெளிவாகக் கேட்டது. என்னிடம் படித்தவர்கள் கணக்கில் ஒருவர்கூட ஃபெயில் ஆனதில்லை. அதை நான் யாரிடம் போய்ச் சொல்வது?

அந்தச் சமயத்தில்தான் வெளிநாட்டுப் பள்ளிகளைப் பார்த்து வர ஆசிரியர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். எங்கள் ஒன்றியத்துக்கு ஓர் இடம். போகிற நாடு பின்லாந்து. டீச்சரும் விண்ணப்பித்தார், நானும் விண்ணப்பித்தேன். அவர் விண்ணப்பித்தார் என்பதற்காகவே நான் விண்ணப்பித்தேன் என்று சொன்னால் அது பொய்யாகாது.

நேர்காணலில் இருவருக்கும் ஒரே கேள்வி. அந்த நாட்டுக் கல்வியில் நீங்கள் காணும் குறைகள் என்ன? செய்தித்தாளில் வந்ததையெல்லாம் நான் மனப்பாடமாக வைத்திருந்தேன். ஒரே மூச்சில் ஐந்து குறை சொன்னேன். குழுவில் இருந்தவர்கள் தலையை ஆட்டிக் குறித்துக்கொண்டார்கள். டீச்சர் வெளியே வந்ததும், என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"பாக்காத ஒண்ணைப் பத்தி எப்படி சார் குறை சொல்றதுன்னு கேட்டுட்டேன்."

"பார்க்காததைப் புகழ மட்டும் செய்யலாமோ?"

"புகழ்ந்து தப்பாப்போனா நான்தான அசடு ஆவேன். குறை சொல்லித் தப்பாப்போனா அவங்களுக்குல்ல நட்டம்."

எனக்குத்தான் இடம் கிடைத்தது. ஆசிரியர் அறையில் எல்லாருக்கும் பால்கோவா வாங்கிக் கொடுத்தேன். டீச்சர் முகம் வாடுகிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு நிமிஷம் வாடியது. நான் பார்த்தேன். அடுத்த நாள் அவர் ஒரு நாற்பது பக்க நோட்டோடு வந்தார். பக்கத்துக்கு ஒரு கேள்வி, கீழே பதில் எழுத இடம். மழை பெய்தாலும் பிள்ளைகளை வெளியே விடுவீர்களா? ஒரு பிள்ளைக்குப் பாடம் வரவே இல்லையென்றால் முதலில் யாரிடம் சொல்வீர்கள்? இப்படியே போய்க் கடைசிப் பக்கத்தில்: ஓர் ஆசிரியர் இல்லாத நேரத்தில் அவரைப் பற்றி ஆசிரியர் அறையில் என்ன பேசிக்கொள்வீர்கள்?

"எனக்காக இதை மட்டும் கேட்டுட்டு வாங்க சார். ஊறுகா ஒரு பாட்டில் தாரேன், அங்க நம்ம சோறு கிடைக்காதாம்" என்றார்.

போனேன். ஒரு வாரம். முதல் நாள் ஒரு பள்ளிக்குள் எங்களைக் கூட்டிப்போனார்கள். நடைக்கூடத்தில் சின்னச் சின்ன பூட்ஸ்கள் வரிசையாக இருந்தன. பிள்ளைகள் காலுறையோடு உள்ளே திரிந்தன. முக்கால் மணி நேரம் ஆனதும் அத்தனையும் வெளியே ஓடின. பொடித் தூறல் வேறு. சிவப்புத் தொப்பி போட்ட ஒரு சிறுமி வழுக்கி விழுந்தாள். மஞ்சள் கோட்டுப் போட்ட டீச்சரம்மா பார்த்துக்கொண்டே நின்றார், தூக்கப் போகவில்லை. அந்தப் பெண் தானாக எழுந்து, பின்பக்கத்தைத் தட்டிவிட்டுக்கொண்டு ஓடினாள்.

எனக்கு அந்தக் குளிரிலும் முகம் சுட்டது. கடல் கடந்து இவ்வளவு தூரம் வந்து, நான் எங்கள் ஊர் வாகை மரத்தடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மதுரையில் உட்கார்ந்துகொண்டு அந்த அம்மாள் ஒன்றுவிடாமல் சரியாகச் சொல்லியிருக்கிறார். அங்கே போய் அவர் தப்பு என்று கண்டுபிடிக்கத்தான் நான் ஆசைப்பட்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

நோட்டில் இருந்த எல்லாக் கேள்வியையும் கேட்டேன். வாத்தியார் புத்தி, பதில் எழுதும் இடம் காலியாக இருந்தால் பொறுக்காது. பதில்களும் பெரும்பாலும் டீச்சர் சொல்லிவந்த மாதிரியேதான் இருந்தன. கடைசிக் கேள்விக்கு மட்டும் மஞ்சள் கோட்டு அம்மையார் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, "எல்லா ஊரிலும் பேசுவதைத்தான் நாங்களும் பேசுவோம்" என்றார். அதை மட்டும் சந்தோஷமாக, கொட்டை எழுத்தில் எழுதிக்கொண்டேன்.

திரும்பி வந்த முதல் நாள் டீச்சர் வாசலிலேயே நின்றார். "நோட்டு சார்?"

"ஏர்போர்ட்ல பை மாறிப்போச்சு டீச்சர். தொலைஞ்சுபோச்சு."

எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. நோட்டு என் பைக்குள்தான் இருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டா நுனியால் துடைத்தார். "போகுது சார். நீங்க பத்திரமா வந்து சேந்தீங்கள்ல" என்றார். அதன் பிறகு அந்த நோட்டைக் கொடுக்கவும் முடியவில்லை, தூக்கி எறியவும் மனசு வரவில்லை. பையிலேயே கிடந்தது.

அந்த வாரம் ஒரு நிருபர் வந்தார். பொன்னாடையோடு என்னைப் படம் எடுத்துவிட்டு, நம்மைவிட அங்கே என்ன உசத்தி என்று கேட்டார். டீச்சரின் வகுப்பு எதிரே மரத்தடியில் ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். பெரிதாக ஒன்றும் இல்லை, பாடம் நடத்துகிற நேரத்தில் பிள்ளைகளைச் சும்மா சும்மா வெளியே விடுகிறார்கள், இங்கே சிலர் பார்க்காமலே அதைப் புகழ்ந்துகொண்டு திரிகிறார்கள். சொன்னது அப்படியே படத்தோடு வந்தது. பத்தே நாளில் அதே தாளில் டீச்சரின் கடிதமும் வந்தது. நேரில் பார்த்தவர் சொல்வதை மதிக்கிறேன், ஆனால் ஒரு வாரத்தில் ஒரு நாட்டை எடைபோட முடியுமா, அவர்களும் வந்து ஒரு வாரம் நம்மைப் பார்த்துவிட்டு எழுதினால் நாம் ஒப்புக்கொள்வோமா என்று கேட்டிருந்தார். என்னைப் பற்றி ஒரு சுடுசொல் இல்லை.

ஆனால் என் பேட்டியின் பத்திரிகை நறுக்கு எங்கள் வட்டாரக் கல்வி அலுவலரான பி.இ.ஓ. கைக்குப் போய்விட்டது. ஒரு திங்கட்கிழமை அவர் வந்தார். மூன்றாம் வகுப்பு மரத்தடியில் நின்றது. "பின்லாந்துக்கே போயிட்டு வந்த சாரு அங்கயே இது வேஸ்ட்டுன்னு சொல்லிட்டாரு. நீங்க இங்க எதுக்கும்மா நடத்துறீங்க?" என்று நறுக்கை நீட்டினார். டீச்சர் என்னைத்தான் பார்த்தார். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தப் பதினைந்து நிமிஷம் பிழைத்துவிடும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் சாக்பீஸ் டப்பாவை மூடித் திறந்துகொண்டிருந்தேன்.

மறுநாளிலிருந்து மூன்றாம் வகுப்பின் கதவு மத்தியானம்வரை சாத்தியே கிடந்தது. செருப்புகள் மட்டும் வாசலில் வரிசையாக இருந்தன. இரண்டாவது பீரியடிலேயே பிள்ளைகள் பெஞ்சில் தலைசாய்த்துக் கிடந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துப் பார்த்தேன். சந்தோஷம் வரவில்லை.

இரண்டு வாரம் போயிருக்கும். வட்டார வள மையத்தில் ஒரு கூட்டம் என்று மத்தியானம் கிளம்பியவன், ஹெல்மெட்டை மறந்துவிட்டுத் திரும்பி வந்தேன். ஆசிரியர் அறை வாசலில் என் பெயர் காதில் விழுந்தது. நின்றுவிட்டேன்.

"நோட்டெல்லாம் தொலையல டீச்சர். அவரு பையில நானே பாத்தேன். பச்சை அட்டை." பி.டி. மாஸ்டர் குரல்.

"தெறந்து பாத்தியா தம்பி? பச்சை அட்டையில ஊருக்குள்ள எம்புட்டு நோட்டு இருக்கு."

"பேப்பர்ல உங்களைத்தான குத்திப் பேசுனாரு? பி.இ.ஓ. முன்னாடி வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தாரு?"

"பேசுனது அம்புட்டையும் பேப்பர்ல அப்படியேவா போடுறாங்க? வெட்டி ஒட்டியிருப்பாங்க. ஆபீசர் முன்னாடி அவருக்கு என்ன சங்கடமோ, நமக்கு என்ன தெரியும்?" டம்ளரை வைக்கிற சத்தம். "ஒரு நாள் நான் பாத்தேன் தம்பி. ஒரு பிள்ளை போர்டுல கணக்கைத் தப்பாப் போட்டு அழுதுக்கிட்டு நிக்கிது. இந்த சாரு திட்டலை. சாக்பீசை அது கையிலயே கொடுத்து, பக்கத்துல உக்காந்துட்டாரு. அது சரியாப் போடுற வரைக்கும் எந்திரிக்கல. அப்படிப்பட்ட மனுசன் வேணும்னு ஒருத்தருக்குக் கெடுதல் பண்ணுவாரா? பண்ண மாட்டாரு. அவரு வந்ததும் அவருகிட்டயே கேளு, இப்ப பேசாத."

நான் சுவரோடு ஒட்டி நின்றேன். அந்தப் பிள்ளை, அந்தச் சாக்பீஸ், எல்லாம் உண்மைதான். ஒரே ஒரு தடவை நடந்தது. அன்றைக்கு எனக்குத் தொண்டை கட்டியிருந்தது, திட்ட முடியவில்லை. அதை வைத்து அவர் ஒரு ஆளையே உண்டாக்கிவிட்டார். பொறுமைசாலி, நியாயஸ்தர், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். அந்த ஆள் மேல் எனக்கு வந்த பொறாமை, டீச்சர் மேல்கூட எனக்கு வந்ததில்லை. ஹெல்மெட்டை எடுக்காமலே வண்டியை உருட்டிக்கொண்டு போய்விட்டேன்.

மறுநாள் காலையில் நோட்டை எச்.எம். மேஜையில் வைத்தேன். "சார், அங்க முக்கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை பிள்ளைங்களை வெளிய விடுறாங்க. மழையிலயும் விடுறாங்க. நானே பாத்தேன். கேட்டு எழுதியிருக்கேன்."

எச்.எம். ஓய்வுபெற இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. யாரோடும் வம்பு வேண்டாம் என்று நினைக்கிறவர். நோட்டைப் புரட்டிப் பார்த்தார். "பேப்பர்ல வேற மாதிரி சொன்னீங்களே?"

"பொய் சொன்னேன் சார்."

"பி.இ.ஓ. கேட்டா நான் உங்களைத்தான் கைகாட்டுவேன்."

"காட்டுங்க சார். எழுதியே கொடுக்கிறேன்."

எங்கள் பள்ளிக்குப் பியூன் கிடையாது. மணி அடிப்பது சீனியரான என் வேலை. முதல் பீரியடு முடிந்ததும் தண்டவாளத் துண்டில் ஓங்கி ஓங்கி அடித்தேன். மூன்றாம் வகுப்புக்கு மட்டுமல்ல, பள்ளி முழுவதுக்கும். என்னவோ ஏதோவென்று எல்லா வகுப்பும் எட்டிப் பார்த்தது. "எல்லாரும் வெளிய போங்க! பதினைஞ்சு நிமிசம்!" என்று கத்தினேன்.

டீச்சர் கடைசியாகத்தான் வெளியே வந்தார். நான் நோட்டை நீட்டினேன். மன்னிப்புக் கேட்க நாலு வாக்கியம் தயார்செய்து வைத்திருந்தேன்.

"கிடைச்சிருச்சா சார்!" என்றார். எங்கே, எப்படி என்று ஒரு கேள்வி இல்லை. நேராகக் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, நான் கொட்டை எழுத்தில் எழுதியிருந்ததைப் படித்தார். பென்சிலால் அதன்மேல் ஒரு கோடு இழுத்தார்.

"சும்மா தன்னடக்கத்துக்குச் சொல்லியிருப்பாங்க சார். அவங்க அப்படியெல்லாம் பேச மாட்டாங்க."

தயார்செய்த நாலு வாக்கியமும் எனக்கு மறந்துபோயின. அதற்குள் வாகை மரத்தடியிலிருந்து பிள்ளைகள் கும்பலாக ஓடிவந்தார்கள். மூன்றாம் வகுப்போடு என் ஏழாம் வகுப்பும் சேர்ந்து வந்தது. என்னைச் சுற்றிக்கொண்டு போய் எல்லாரும் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். மணி அடித்தவன் நான், அடித்த கட்டை இன்னும் என் கையில்தான் இருந்தது.